பிள்ளையார் என்று நீங்கள் கத்திய இடம்

மதினி,

இன்று காலை வத்தேகம பஸ் நிலையத்தில், மலை இறங்கி வந்து நின்ற ஒரு லொறியிலிருந்து பிரேக் கருகும் நாற்றம் அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள். நான் மட்டும் மரக்கறிப் பையோடு அங்கேயே நின்றேன். உங்கள் தம்பியின் வேன் மஹியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவில் இறங்கியபோது வந்த நாற்றம் அது. நீங்கள் கண்ணை மூடி இன்னும் வருஷம் திரும்பவில்லை.

உங்கள் புருஷன் இறந்தபின் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வந்த வாரமே, "டவுன்காரிக்குச் சம்பல் அரைக்கக்கூடத் தெரியல" என்றீர்கள். நான் அகப்பையை எறிந்தேன். நீங்கள் தேங்காய் துருவும் திருவலையைத் தூக்கி எறிந்தீர்கள். அது சுவரில் பட்டுச் சாந்து பெயர்ந்தது. அதன்பிறகு நம் சண்டை பார்க்க அக்கம்பக்கத்தார் வேலியோரம் வந்து நிற்பதே வழக்கமாகிவிட்டது.

உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், பல்லேகல வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு பழைய வேன் வாங்கியிருந்தார். அதற்குள் பலகைக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டாங்கி எல்லாம் பொருத்தி, ஓடுகிற வீடாக்கி வைத்திருந்தார். ஒருநாள் நம் கூச்சல் தாங்காமல் சோற்றுக் கோப்பையைத் தரையில் அடித்துவிட்டுச் சொன்னார்: "கதிர்காமம் போறோம். போயிட்டு வர்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் ஒத்து வரலைன்னா, அக்கா தெல்தோட்டைக்கே போயிரட்டும். என்னால முடியல."

தெல்தோட்டையில் உங்களுக்கு மிச்சம் இருந்தது தோட்டத் தொழிலாளர் லயத்தில் கூரை பறந்த ஒரு அறை மட்டும்தான். அது தெரிந்தும், போய்த் தொலையட்டும் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மஹியங்கனை தாண்டியதும் அடுப்புக்குள் தலையை விட்டதுபோல் வெயில். செம்மண் புழுதி, காய்ந்த குளங்கள், பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்குள் முடிந்துபோகும் சின்னச் சின்னக் கடைத்தெருக்கள். மொனராகலைக்கு இந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் வாயைப் பிளந்த சீமெந்து முதலை ஒன்று இருந்தது. அதன் வாய்க்குள் நின்று படம் எடுக்கலாம். "மொதல்ல இவள நிக்க வையி தம்பி, மொதல பயந்து வாய மூடிரும்" என்றீர்கள். கடைக்காரனுக்குத் தமிழ் தெரிந்திருந்தது; விழுந்து விழுந்து சிரித்தான். அப்போதுதான் வாங்கிய தயிர்ச் சட்டியை உங்கள் காலடியில் போட்டு உடைத்தேன். அதற்குப் பிறகு புத்தல வரைக்கும் வேனுக்குள் பேச்சில்லை.

பேச்சில்லாவிட்டாலும் வழிப் பிள்ளையாரை விட முடியாது. மரத்தடியில் சின்னக் கல்லாக இருந்தாலும் உங்கள் தம்பி பிரேக் போடுவார். நான் இறங்கிச் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு ஏறுவேன். வழிநெடுக அது என் வேலை.

புத்தலயைத் தாண்டிக் காட்டுப் பாதையில் போகும்போதுதான் நீங்கள் கத்தினீர்கள். "பிள்ளையாரு! தம்பி, பிள்ளையாரு!"

வேன் குலுங்கி நின்றது. நான் கதவை இழுத்துத் திறந்து, தேங்காயும் சூடமுமாக இறங்கிவிட்டேன். கல்லைக் காணவில்லை, மரத்தடியையும் காணவில்லை. எங்கே என்று கேட்கத் திரும்புமுன், பின்னாலிருந்து என் கொண்டையை ஒரு கை கொத்தாகப் பிடித்து இழுத்தது. உங்கள் கைதான். முதலைக் கடையில் விட்ட சண்டையைத் தொடங்குகிறீர்கள் என்று நினைத்தேன். முகத்தைப் பிறாண்டினேன். மணிக்கட்டைப் பல் பதியக் கடித்தேன். நீங்கள் விடவில்லை. மயிரோடு தோலும் பிய்ந்து வருவதுபோல் இழுத்து, என்னைச் சாலையோரக் கான் பள்ளத்துக்குள் தள்ளி மேலே விழுந்தீர்கள்.

அதன்பிறகுதான் அதைப் பார்த்தேன். ஒற்றைக் கொம்பன் யானை. நான் நின்ற இடத்தில் அது நின்றது. வேனின் பக்கத் தகட்டைத் தலையால் ஒரே இடி. கண்ணாடி எல்லாம் நம்மேல் கொட்டியது. கழன்று விழுந்த கதவு உங்கள் கால்மேல் விழுந்த சத்தம் கேட்டது. தும்பிக்கையை உள்ளே விட்டு மெத்தையைக் கிழித்து, அடுப்பை வெளியே இழுத்துப்போட்டு மிதித்தது. உங்கள் தம்பி உள்ளே ஸ்டியரிங்குக்கு அடியில் சுருண்டு கிடந்து அலறினார். கடைசியில் பூசைக்கு வைத்திருந்த வாழைப்பழச் சீப்புகளை இழுத்துக்கொண்டு அது காட்டுக்குள் போனது.

கானுக்குள் கிடந்தபடியே என் கன்னத்தில் அறைந்தீர்கள். "யாருக்குடி சூடங் கொளுத்த எறங்குன?"

"யானைன்னு சொல்றதுக்கு ஒங்களுக்கு வாய் வரலையா?" நானும் திருப்பி அறைந்தேன்.

"காட்டுக்குள்ள அந்தப் பேரச் சொல்லுவாங்களாடி? கூப்புட்டா வரும்டி! பிள்ளையாருன்னுதான் சொல்லுவோம்!"

கதிர்காமத்துக்குக் கால்நடையாகவே போய் வளர்ந்த தோட்டத்துப் பிறப்பு நீங்கள். உங்கள் தம்பிக்கும் அந்தப் பேச்சு தெரியும். அதனால்தான் பிரேக் போட்டார். கண்டி டவுனில் பிறந்த எனக்குப் பிள்ளையார் என்றால் பிள்ளையார்தான். உங்கள் தம்பி கண்ணாடித் தூள் படிந்த தலையோடு வந்து விலக்கும் வரை அடித்துக்கொண்டோம். நீங்கள் எழுந்திருக்கப் பார்த்து விழுந்தபோதுதான், கால் திரும்பாத பக்கம் திரும்பியிருந்ததைக் கண்டேன். அதன்பிறகு நான் அழுத அழுகையை நீங்கள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் உங்கள் கைக் காயத்தைப் பார்த்துத் திகைத்தாள். யானை கடிக்குமா என்று சிங்களத்தில் கேட்டாள். நீங்கள் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதே சிங்களத்தில், "இது வேற, மிஸ். இது வீட்டு யானை" என்றீர்கள்.

கதிர்காமம் போகாமலே திரும்பினோம். காலில் மாவுக்கட்டோடு, ரோஷத்தில், தெல்தோட்டைக்குப் போகப் பெட்டியை எடுக்கச் சொன்னீர்கள். நான் அதைக் காலால் எத்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். "இந்த வாசப்படியத் தாண்டுனா மத்தக் காலையும் ஒடச்சிருவேன்" என்றேன். "ஒடைடி பாப்போம்" என்று சொல்லி, அங்கேயே இருந்துவிட்டீர்கள். எத்தனையோ வருஷம். எத்தனையோ சட்டிபானை. கடைசிக் காய்ச்சலிலும் கஞ்சியில் உப்பில்லை என்று கோப்பையைத் தட்டிவிட்டீர்கள்.

இப்போது வீட்டில் மருமகள் இருக்கிறாள். நல்ல பிள்ளை. நேற்றுச் சாம்பாரை வாயில் வைக்க முடியவில்லை என்று கத்தினேன். "சரி அத்தை" என்றாள். கோப்பையைத் தள்ளிவிட்டேன். அதற்கும் "சரி அத்தை" என்று குனிந்து துடைத்தாள். அடுப்படியில் போய் நின்று அழுதேன், மதினி. உங்களோடு போட வேண்டிய சண்டையெல்லாம் கைபடாமல் என்னிடம் அப்படியே இருக்கிறது. திருப்பி அடிக்க ஆளில்லாத வீட்டில் அதை எங்கே இறக்கி வைப்பேன்?