பாரத்தை முன்னால் தள்ளிய வாரம்

1961 நவம்பர் 13, திங்கள்

காலையிலிருந்து தூறல். இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறியதுபோல் இருக்கிறது. வலது கை மாவுக்கட்டில். போன வாரம் சாத்தூர் ரோட்டு வளைவில் வேனின் பின்பக்கம் வீசி, பள்ளத்தில் இறங்கிவிட்டது. பக்கத்து சீட்டில் என் மனைவி பொன்னம்மா. அவளுக்குக் கீறல்கூட இல்லை. அது போதும்.

பிரஸ்ஸில் காலண்டர் கட்டுகள் கூரை வரை. சாத்தூர் ஸ்டேஷனுக்குப் போயாக வேண்டும். ஜனவரி பிறந்தால் அத்தனையும் பழைய காகிதம். டிரைவர் கிடைக்கவில்லை, சீசன். ராத்திரிச் சாப்பாட்டில் பொன்னம்மா, "நான் ஓட்டுதேன்" என்றாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. லைசென்ஸ் எடுத்துக் கொடுத்ததே நான்தான். விளையாட்டாக.

நவம்பர் 14, செவ்வாய்

மழை இல்லை. பிரஸ்ஸுக்குப் பின்னாலுள்ள பொட்டலில் ஓட்டிப் பார்த்தாள். காலி வண்டி, நன்றாகவே ஓட்டினாள். கட்டுகளை ஏற்றியதும் முகம் மாறிவிட்டது.

"ஸ்டியரிங் கையில நிக்கல. முன்சக்கரம் தரையில இருக்கான்னே தெரியல."

இறக்கச் சுலபம் என்று கட்டுகளைப் பின்கதவை ஒட்டியே அடுக்குவது என் வழக்கம். அவள் இறங்கி வந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் அடுக்குனீகளா?"

ஆமாம் என்றேன். டயர் வழுக்கியது என்றுதான் இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

கனமான கட்டுகளை எங்கள் சீட்டுக்குப் பின்னால், அடியில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் மாற்றச் சொன்னாள். லேசானவை பின்னால். மறுபடி ஒரு சுற்று. இப்போது திருப்பினால் திரும்புகிறது. ஆனால் இடப்பக்கம் இழுக்கிறது. காரணம், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நான். வஞ்சனையில்லாமல் சாப்பிட்ட உடம்பு. அவளோ குச்சி. அவள் சீட்டுக்குப் பின்னால் இரண்டு கட்டு கூடுதல் வைத்தோம். சரியாயிற்று.

"இம்புட்டு உள்ள வச்சா இறக்க நேரமாகுமே" என்றேன்.

"ஆகட்டும். எனக்கு நீங்க வேணும்."

கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

அண்ணன் வந்தார். பொம்பளை லோடு ஓட்டினால் ஊர் என்ன பேசும் என்றார். "பேசட்டும் அத்தான். காப்பி சாப்பிடுதீகளா?" குடித்துவிட்டுப் போனார்.

நவம்பர் 16, வியாழன்

நல்ல மழை. கட்டுகள் மேல் தார்ப்பாய் இரண்டு மடிப்பு. சிவகாசி தாண்டினோம். அந்த வளைவு வந்தது. கியரைக் குறைத்தாள். என் கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது.

"பயமா இருந்தா கண்ண மூடிக்கிடுங்க."

மூடவில்லை. வண்டி பசு மாதிரித் திரும்பியது. ஆட்டமில்லை, வீச்சில்லை.

ஸ்டேஷனில் கூலிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர், "யாரு, டிரைவரம்மாவா?" என்றார். "ஆமா, கட்டு நனையாம இறக்குங்க" என்றாள். ரசீது வாங்கி, டீ குடித்து, கிளம்பினோம்.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. அதே வளைவு தாண்டியதும் ஓரமாக நிறுத்தினாள். இறங்கிப் போய் வேலிமரத்தடியில் வாந்தி. ஓடினேன். ஒரு கையால் முதுகைத் தடவினேன்.

"என்னத்தா செய்யுது?"

"அன்னிக்கு உங்க தலை தொங்கிப் போச்சு. கூப்பிட்டேன், கூப்பிட்டேன். நீங்க பேசவே இல்ல."

எனக்கு அது தெரியாது. நான் மயக்கம் போட்டதையே யாரும் சொல்லவில்லை. இத்தனை நாள் அதை மனசில் வைத்துக்கொண்டு கஞ்சி ஊற்றியிருக்கிறாள், மாவுக்கட்டு நனையாமல் குளிப்பாட்டியிருக்கிறாள்.

"இப்பப் பேசுதேன்லா" என்றேன். என் சட்டையிலேயே முகத்தைத் துடைத்தாள். ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது.

நவம்பர் 17, வெள்ளி

வெயில். அவள் எழுந்திருக்கவில்லை. எழுப்ப மனமில்லை. காப்பி நானே போட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. கருகல் வாடைக்கு எழுந்து வந்தாள். திட்டவில்லை. பாதிக் காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டு, "சீனி போடல" என்றாள். மீதியையும் குடித்தாள்.