ஏன் வலப்பக்கம் பாய்ந்தீர்கள்?

மார்ச் 2, திங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கினால் சிரிப்பீர்கள். நேற்றுக் காலையில்தானே பிரிந்தோம். ஆனால் கோச் சார் எல்லோருடைய போனையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் முடிந்த பிறகுதான் தருவாராம். "ஒரு வாரம் பேசாம இருந்தா யாரும் செத்துப்போயிட மாட்டீங்க" என்கிறார். நல்லவேளை, ஜெர்ஸிகளைச் சலவைக்கு எடுத்துப் போகும் வேன் டிரைவர் அண்ணன் உங்கள் பஸ் டிப்போ வழியாகத்தான் தினமும் போகிறார். டயர் செக்‌ஷனுக்கே வந்து உங்கள் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பதிலும் அவரிடமே கொடுங்கள்.

இங்கே எப்போது பார்த்தாலும் உங்கள் பேச்சுத்தான். நம் கால்பந்து கிளப் கோப்பை வாங்கி இருபத்தாறு வருஷம் ஆகிவிட்டது, பெண்கள் அணி இறுதிக்கு வருவது இதுதான் முதல் தடவை, எதிரே நிற்பதும் அதே பழைய எதிரிகள். கேட்கவா வேண்டும்? சாப்பாட்டு ஹாலில் உங்கள் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். கீழே 'சுவர்' என்று நீங்கள் கோல்கீப்பராக வாங்கிய பட்டப்பெயர். நானும் கீப்பர் என்பதால் என்னைக் குட்டிச்சுவர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சோறு இறங்குமா சொல்லுங்கள்.

நேற்று அந்தப் பழைய ஆட்டத்தின் வீடியோவைப் போட்டார்கள். கடைசி நிமிடப் பெனால்டியை நான்கு தடவை பார்த்தேன். எதிரணியில் இருந்த மாமாவின் கால் பந்தைத் தொடும் முன்பே நீங்கள் வலப்பக்கம் கிளம்பிவிட்டீர்கள். எப்படித் தெரிந்தது? வெள்ளிக்கிழமை அணிக் கூட்டத்தில் நான் அதைப் பற்றிப் பேச வேண்டுமாம். அதை அடித்தவர் என் சொந்தத் தாய்மாமா என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை. தோற்ற கோபத்தில் இன்றுவரை நம் வீட்டுப் படி ஏறாதவரைப் பற்றி என்னவென்று சொல்வது?

இன்னொன்று. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இன்று காலை பயிற்சியில் ஒரு பந்து என் இடது கட்டைவிரலைப் பின்னால் மடக்கிவிட்டது. வீங்கியிருக்கிறது. கையுறைக்குள் டேப் சுற்றிச் சமாளிக்கிறேன். கோச் சாருக்குத் தெரியாது. தெரிந்தால் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்.

உங்கள்,
குட்டிச்சுவர்

*

மார்ச் 3, செவ்வாய்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தை டிரைவர் தம்பி கொடுத்தபோது என் கையெல்லாம் கிரீஸ். முதல் பக்கம் கறுப்பாகிவிட்டது. உன் அம்மா அதைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். விரல் விஷயம் இருந்த இரண்டாம் பக்கத்தை நான் முன்னாலேயே பையில் போட்டுக்கொண்டேன்.

பெனால்டியைப் பற்றி என்ன சொல்வது? கீப்பர் வேலையே பாதி ஊகம்தானே. மனசு சொன்னது, பாய்ந்தேன். பேப்பர்காரர்கள் கண்ணைப் பார்த்துக் கணித்தான் என்று எழுதினார்கள். நீயும் அப்படியே சொல்லிவிடு, கூட்டம் கைதட்டும்.

விரலுக்கு வா. வீக்கம் அடிப்பாகத்திலா நுனியிலா? சட்டைப் பட்டன் போட முடிகிறதா? நீ லேபில் ரத்தம் எடுக்கிறவள். அந்தக் கையை வைத்துத்தான் உன் பிழைப்பு. நாளைக் காலை முதல் வேலையாகக் கோச்சிடம் சொல். அடம்பிடிக்காதே.

அப்பா

*

மார்ச் 4, புதன்

அன்புள்ள அப்பாவுக்கு,

அடிப்பாகத்தில். பட்டன் போட முடியவில்லை, அறைத் தோழி போட்டுவிடுகிறாள். தோளில் பிடிப்பு என்று அவளிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

கோச் சாரிடம் சொல்ல மாட்டேன். ஒன்பது வயதிலிருந்து இந்த ஒரு ஆட்டத்துக்காக விழுந்து புரண்டிருக்கிறேன். எனக்கு அடுத்த கீப்பருக்கு இந்த சீசனில் ஒரு முழு ஆட்டம்கூடக் கிடையாது. நீங்களும் ஒரு கீப்பர், புரிந்துகொள்வீர்கள் என்றுதான் சொன்னேன். தயவுசெய்து நீங்கள் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அப்புறம் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டேன்.

பெனால்டிக்கு நீங்கள் எழுதிய பதில் எனக்குப் பிடிக்கவில்லை. வீடியோவில் மாமா தலையைக் குனிந்துகொண்டுதான் ஓடி வருகிறார். கண்ணே தெரியவில்லை. பந்தைத் தடுத்ததும் நம் ஆட்கள் உங்கள் மேல் விழுகிறார்கள். மாமா அப்படியே நின்று உங்களைப் பார்க்கிறார். தோற்றவர் பார்வையாக அது இல்லை. என்ன நடந்தது என்று மழுப்பாமல் எழுதுங்கள்.

கு. சுவர்

*

மார்ச் 5, வியாழன்

என் கண்ணான மகளுக்கு,

மதிய இடைவேளையில் டயர் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அந்த இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் உன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். தங்கையைப் பார்க்க வந்தவர், அவள் அடுப்படிக்குப் போனதும் ஷூவைக் கழற்றிக் காட்டினார். வலது கணுக்கால் வீங்கிப் போயிருந்தது. "மாப்ளே, யார்கிட்டயும் சொல்லிடாதே. பாதம் வெளிப்பக்கம் திரும்பவே மாட்டேங்குது. தெரிஞ்சா என்னை இறக்க மாட்டாங்க" என்றார். எதிரணிக் கீப்பரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வீட்டு மாப்பிள்ளையிடம் பேசினார். நானே தைலம் தேய்த்துவிட்டேன்.

மறுநாள் கடைசி நிமிடம் அவர் பந்தை வைத்தார். வலது பாதம் வெளியே திரும்பாதவன் பந்தை உடம்புக்குக் குறுக்கே, என் வலப்பக்கம்தான் அடிக்க முடியும். அவர் ஓடி வரும் முன்பே எனக்குத் தெரியும். பாய்ந்தேன். கணிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. தங்கை புருஷனுக்காக வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தான் என்று அவருடைய கிளப்பில் பேச்சுக் கிளம்பியது. அவரை அணியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பழி போயிருக்கும். சொல்லவில்லை. ஊரே என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்தது, கீழே இறங்க மனசு வரவில்லை. உன் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அண்ணன் தோற்ற கோபத்தில் இருக்கிறார் என்றுதான் இன்னமும் நினைக்கிறாள். அவள் அவருக்குப் போட்ட கடிதங்கள் பிரிக்காமல் திரும்பி வந்தபோதெல்லாம் நான்தான் வாங்கி ஒளித்து வைத்தேன். நான் செய்தது அயோக்கியத்தனம். இதற்கு வேறு பெயர் இல்லை.

இதை உன்னோடு வைத்துக்கொள். யாரிடமும் சொல்லாதே.

உன் விரலைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். ஒருதரம் செய்தது போதும். ஆனால் நீயே போய்ச் சொல்லம்மா. ராத்திரி கண்ணை மூடினால் உன் கைதான் தெரிகிறது.

அப்பா

*

மார்ச் 6, வெள்ளி, மாலை

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. படித்துவிட்டு வெகுநேரம் கோபமாக இருந்தேன். அப்புறம் நினைத்தேன், இத்தனை வருஷம் மென்று விழுங்கியதை எனக்காக எழுதியிருக்கிறார், இதைவிடப் பெரிதா என் ஒரு ஆட்டம்? இன்று காலை எட்டு மணிக்குப் பயிற்சி தொடங்கும் முன் கோச் சாரிடம் போய் டேப்பைப் பிரித்துக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். தலையில் லேசாகக் குட்டி, "சொன்னியே, அது போதும்" என்றார். டாக்டர் பார்த்தார். எலும்பில் விரிசல். இன்னும் நான்கு பந்து பிடித்திருந்தால் விரல் போயிருக்கும் என்றார். அடுத்த கீப்பர்தான் ஆடப் போகிறாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்து, அவளுக்குப் பந்து போட்டுக்கொடுத்தேன். மனசு லேசாகத்தான் இருந்தது. உங்களுக்குச் சந்தோஷமாக ஒரு கடிதம் எழுத நினைத்தேன்.

பத்து மணிக்கு வேன் வந்தது. எனக்குக் கடிதம் இல்லை. கோச் சாருக்கு இருந்தது.

அவர் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "இது உன்கிட்டதான் இருக்கணும்" என்று கையில் கொடுத்தார். உங்கள் எழுத்து. கிரீஸ் கறைகூட இல்லை, கை கழுவிவிட்டு எழுதியிருக்கிறீர்கள்.

பயத்தில் சொல்லிவிட்டீர்கள் என்றால் எனக்குப் புரியும். நீங்கள் என் அப்பா. ஒரு நாள் பொறுத்திருக்கலாம் என்பதோடு விட்டிருப்பேன். ஆனால் அதில் எட்டு வரி இருக்கிறது. என் கை கெட்டுப்போகும் என்று ஒரே ஒரு வரி. மற்ற ஏழும் கோப்பை. இருபத்தாறு வருஷம் கழித்துக் கைக்கெட்டியதைக் கோட்டை விட்டுவிடாதீர்கள், இடது கையில் அவளால் உயரப் பந்தைப் பிடிக்க முடியாது, எதிரணிக்குத் தெரிந்தால் அந்தப் பக்கமே அடிப்பார்கள். எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்பதுவரை எழுதியிருக்கிறீர்கள். மாமாவின் கணுக்காலை வைத்தும் இப்படித்தானே கணக்குப் போட்டீர்கள்?

சற்று முன்புதான் அணிக் கூட்டம் முடிந்தது. என் முறை வந்தபோது எழுந்து, அப்பா எனக்கே சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கோச் சார் முகம் மாறியது. மற்றவர்கள் சிரித்தார்கள். "சுவருன்னா சுவருதான், ஒரு வார்த்தை வெளியே வராது" என்றாள் கேப்டன். நானும் சிரித்துவைத்தேன்.

நீங்கள் எனக்கு எழுதியது என்னைத் தாண்டி எங்கேயும் போகாது. அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டேன். மாமாவிடமும் அம்மாவிடமும் சொல்ல வேண்டியது நீங்கள். மாமாவின் வீடு நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் லேபுக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்கள் விடுதிக்குப் போகிறேன். அறை கேட்டுச் சொல்லியனுப்பிவிட்டேன். நீங்கள் அந்த இரண்டு பேரிடமும் சொல்லும் நாளில் வீட்டுக்கு வருகிறேன். மகள் ஏன் வரவில்லை என்று அம்மா கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வதென்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மகள்