சமையலறைத் தரையில் அமர்ந்த அம்மாவுக்கு

என் ஆசை அம்மாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். உங்களிடம் இனி அதை எப்படிக் கேட்பது?

நீங்கள் கண்மூடிய பிறகு, ஹம் நகரத்து வாடகை வீட்டைப் போன மாதம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். சுவருக்கு வெள்ளை அடித்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது இங்கே ஜெர்மனியில் உள்ள வழக்கம், உங்களுக்குத் தெரியாததா? தம்பிதான் அடித்தான். அடுப்புக்கு மேலே உங்கள் தாளிதத்தின் மஞ்சள் கறை மட்டும் போகமாட்டேன் என்று நின்றது. திரும்பவும் அடித்தான், போய்விட்டது.

அதற்குப் பிறகு பீலெஃபெல்டில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்கள் இந்தக் காலத்தில் வரைந்த படங்கள். கனடா என்றால் எங்களுக்கு டொராண்டோச் சித்தி. அதற்கு மேலே பனிக்கரடிதானே? கரடியைப் பார்க்கத்தான் போனேன் என்று வையுங்கள். போனால் சுவரெல்லாம் வீடு. குளிர்சாதனப் பெட்டி, மணிக்கூடு, பாத்திரம் கழுவும் சோப்புப் போத்தல், ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி. ஒரு படத்தில் ஒரு பெண் சமையலறைத் தரையில் மட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதன் முன்னால் அமர்ந்து கடல்நாய் இறைச்சி வெட்டுகிறாள். கலர் பென்சிலால் வரைந்தது. யாருக்காகவும் ஒழுங்குபடுத்தி வைக்காத வீடு.

அது நீங்கள் அம்மா. மட்டைக்குப் பதில் கடை விளம்பரத் தாள், இறைச்சிக்குப் பதில் மீன். அங்கேயே அழுதுவிட்டேன்.

உங்களை அப்படி ஒரு படம் எடுக்க நீங்கள் விட்டதே இல்லை. நான் கமெராவைத் தூக்கினால், "பொறு பிள்ளை, சித்தி பாத்தா என்ன நினைப்பா?" என்று எழும்பி, மீனை மறைத்து, சேலை மாற்றி, பூங்காவுக்கு நடப்பீர்கள். யாருடையதோ ஒரு காருக்குப் பக்கத்தில் நின்ற படங்கள்தான் கடல் தாண்டிப் போயின. எங்கள் சனம் எல்லாம் செய்ததுதான், உங்களை மட்டும் என்ன சொல்வது?

குசினியில் நீங்கள் இருக்கிற படம் ஒன்றாவது உண்டா என்று சித்தியிடம் கேட்டேன். பாவம், பட அல்பமெல்லாம் கிளறிவிட்டுத் திரும்ப ஃபோன் எடுத்தா.

"எல்லாப் படத்திலயும் அக்கா சாறியோட நிக்கிறா பிள்ளை. அக்கா சமைக்கிற குசினி எப்பிடி இருக்கும் எண்டே எனக்குத் தெரியாது."

நானே வரைவோம் என்று கலர் பென்சில் வாங்கினேன். தரை வந்தது. விளம்பரத் தாள் வந்தது. மீனும் ஒரு மாதிரி வந்தது. நீங்கள் வரவில்லை. காலை மடித்தா இருப்பீர்கள், நீட்டியா? தலைமுடியை அள்ளி முடிந்திருப்பீர்களா? நான் ஒன்று நினைக்கிறேன், தம்பி வேறொன்று சொல்கிறான். வருடக்கணக்காகத் தினமும் பார்த்த அம்மாவை இப்படியா தொலைப்பது? இனி யாரைப் போய்க் கேட்பேன்?

படத்தில் உங்கள் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அது நிரம்பும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். காருக்குப் பக்கத்தில் நிற்கும் உங்களை வெட்டி அங்கே ஒட்டமாட்டேன்.

பக்கத்தில் அமர்ந்து வெங்காயம் உரித்த,
உங்கள் மூத்த பிள்ளை