குட்டையைக் குடித்தது யார்

ஜூன் 9
குட்டை இன்றும் ஒரு விரல் இறங்கியிருக்கிறது. மதகு பூட்டியே கிடக்கிறது, சாவி என் கழுத்தில். இந்த வருடம் வாய்க்கால் பொறுப்பு எனக்கு. பதினோரு குடும்பத்தின் மிளகாயும் பீன்ஸும் வாடினால் என் தலைதான் உருளும்.

இன்று கூட்டத்தில் ஃபிலடெல்ஃபியோ எழுந்தான். ஆறு வருடம் முன்பு என்னை விட்டுவிட்டு ஆல்புகர்க்கி நகரத்துக்கு ஓடிப்போனாரே என் புருஷ மகாராஜா, அவருடைய தம்பி. அண்ணனுக்கு ஓட்டம், தம்பிக்கு வாய் என்று பாகம் பிரித்துக்கொண்ட குடும்பம். “பூட்டும் உங்களுது, சாவியும் உங்ககிட்ட. ஊரெல்லாம் காயுது, உங்க ஆப்ரிகாட் மட்டும் பசேல்னு நிக்குது. எப்படி அண்ணி?” என்றான்.

கடவுளுக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் 11
திருடன் யார் என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் எல்லார் கண் முன்னாலும் கிழக்கே ஏறி வருகிறான். நிரூபிக்க வேண்டாமா? கொல்லையில் கிடந்த பழைய குளியல் தொட்டியை இழுத்துப்போய்க் குட்டை ஓரமாக வைத்து, நீர் நிரப்பி, கோடு போட்டேன். அதே வெயில், அதே காற்று. இடுப்பு போச்சு.

ஜூன் 12
தொட்டி அரை விரல் இறங்கியது. ஃபிலடெல்ஃபியோவைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் நாய் குடித்திருக்குமாம்.

ஜூன் 14
ஃபிலடெல்ஃபியோ கோழிவலையைக் கொண்டுவந்து தொட்டியின் மேல் கட்டிவிட்டு, நாற்காலி போட்டு நாள் முழுக்கக் காவல் இருந்தான். மூக்கு உரிந்ததுதான் மிச்சம். தொட்டி மறுபடியும் அரை விரல்.

சும்மா இருப்பேனா? பக்கத்தில் நின்று வகுப்பெடுத்தேன். வெயில் நீரைச் சுட வைக்கிறது, நீர் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகி மேலே போகிறது, மேலே குளிர்ந்து மேகமாகிறது, மேகம் போய் மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் கொட்டுகிறது. நம்மைக் கண்டால் வணக்கம்கூடச் சொல்லாத ஊர். சம்பளம் வாங்காத பம்புக்காரன் சூரியன். விலாசம் பார்த்து ஊற்றத்தான் தெரியாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது: “சரி, வெயிலு அரை விரல் குடிக்குது. குட்டை ஒரு விரல் இறங்குதே. மீதி அரை விரல் எங்க போவுது?”

குட்டை பெரிது, அதனால் வெயில் அதிகம் குடிக்கும் என்றேன். அவனும் தலையாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 15
பெரிய தட்டில் வைத்தாலும் சின்னத் தட்டில் வைத்தாலும் நீர் ஒரே அளவுதானே இறங்கும்? சொல்லும்போதே எனக்குத் தெரியும். ஏன் சொன்னேன்?

ஜூன் 17
நேற்று சூரியன் விழுந்ததும் இரண்டிலும் கோடு போட்டேன். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். தொட்டியில் கோடு கோட்டிலேயே இருக்கிறது. குட்டை கால்வாசி விரல் இறங்கியிருக்கிறது.

சூரியனுக்கு ராத்திரி வேலை கிடையாது. அப்படியென்றால் இன்னொரு வாய் இருக்கிறது.

ஜூன் 18
கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்திருக்கவே வேண்டாம்.

தெற்குக் கரைக்கு அடியில் எலி வளை. அந்தப் பாழாய்ப்போன எலி ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி என் தோட்டத்துக்குச் சுரங்கம் வெட்டியிருக்கிறது. மூன்றாவது வரிசை மரத்தடியில் மண் சொதசொதவென்று இருக்கிறது. கடவுளுக்கு என்னைப் பிடிக்கவெல்லாம் இல்லை. எலிக்குத்தான் பிடித்திருக்கிறது.

ஜூன் 19
களிமண்ணை அடைத்து மிதித்துவிட்டால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகுது?

ஜூன் 20
அடைச்சாச்சு. சோறு இறங்கல. நானா திருடினேன்? இல்லையே. ஆனா குடிச்சது என் மரம்தானே? செலஸ்தினா கிழவியின் பீன்ஸ் பூவோடு கருகிக் கிடக்கிறதை வரும் வழியில் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். சனியன், ஏன் கையசைக்கணும்?

ஜூன் 22
கூட்டத்தில் சொல்லிவிட்டேன். வளை, சொதசொதப்பு, குட்டை பெரிது என்று விட்ட கதை, எல்லாம். எலிமேல் பழி போடுகிற பெண்பிள்ளை எவ்வளவு கம்பீரமாக இருக்க முடியுமோ அவ்வளவு கம்பீரமாக நின்றேன்.

ஃபிலடெல்ஃபியோ அரை மணி நேரம் “நான் அப்பவே சொன்னேன்” என்பதைப் பல ராகத்தில் பாடினான். தீர்ப்பு: சீசன் முடியும்வரை என் முறைத் தண்ணீர் எனக்கு இல்லை. பொறுப்பு மட்டும் என்னிடமே. அந்தப் பதவிக்கு வேறு ஒருத்தரும் கை தூக்கவில்லை.

ஜூன் 24
சான் ஹுவான் திருநாள். பாதிரியார் வாய்க்காலுக்குப் புனித நீர் தெளித்தார். தெளித்தது தரையைத் தொடுவதற்குள் காய்ந்துவிட்டது. குட்டை அரை விரல்தான் இறங்குகிறது இப்போது, இறங்கத்தான் செய்கிறது.

ஜூலை 6
ஆப்ரிகாட் காய் உதிர்கிறது. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 13
மதியமானால் மலைமேல் மேகம் காலிஃபிளவர் மாதிரி பொங்குகிறது. நம் நீர்தானே என்று அண்ணாந்து பார்த்தபடி பீன்ஸ் சாப்பிட்டேன். நாலு மணிக்கு நகர்ந்தது. அந்தப் பக்கம்தான்.

ஜூலை 19
பெய்தது. இந்தப் பக்கம். மலையிலிருந்து சேறும் குச்சியுமாக வாய்க்கால் ஓடி வந்தது. குட்டை நாலு விரல் ஏறியிருக்கிறது. செலஸ்தினா மழையிலேயே நின்றாள். குடை கொண்டுபோய் நீட்டினேன், அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

ஜூலை 22
இன்று ஃபிலடெல்ஃபியோவின் தண்ணீர் முறை. பத்து மணிக்குப் பார்த்தால் என் மூன்றாவது வரிசை வரைக்கும் நீர் நிற்கிறது. அவன் மடைப்பலகை என் பக்கம் திரும்பிக் கிடந்தது. நேராக அவன் வீட்டுக்குப் போய், இது விதிக்கு விரோதம், குறிப்பேட்டில் எழுதப்போகிறேன் என்றேன்.

“தவறிப்போய்த் திரும்பிருக்கும் அண்ணி. எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்,” என்றான்.

நானே போய்ப் பலகையைத் திருப்பி வைத்தேன். அவன் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும், காப்பி போட்டிருக்கேன், குடிக்கிறீங்களா என்று கேட்டான்.

ஆறு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் போனேன். காப்பி மகா மட்டம். இரண்டு கோப்பை குடித்தேன்.