நாங்கள் எழுந்து நின்ற பெஞ்ச்

அன்பு மகள் சரண்யாதேவிக்கு,

ஆனையூரில் நாங்கள் மூவரும் நலம், அவ்வளவு தூரத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். வண்டியிலிருந்து விழுந்ததில் முறிந்த என் வலது கைக்கு இன்னும் மாவுக்கட்டு பிரிக்கவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை கனகா எழுதுகிறாள். பதினொன்றாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து அவளுக்கு எல்லாம் புத்தகத்தில் இருப்பது போல இருக்க வேண்டும், நான் பேசுவதைத் திருத்திக்கொண்டே வருகிறாள். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் சாயங்காலம் பருத்திப்பால் வண்டி மணி அடித்தால் வாசலுக்குப் போய்விடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளின் பெயரைச் சாதியோடு சேர்த்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள், இனி அப்படிப் போடக் கூடாது என்று பல்கலைக்கழகத்தின் சமவாய்ப்புக் குழுவில் மாணவர் உறுப்பினரான நீ எழுதிக் கொடுத்தாய், அதிலிருந்து உன் அறைத்தோழிகள் உன்னோடு சாப்பிட வருவதில்லை, அதனால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு முன்பே அந்தச் சமவாய்ப்புக் குழுவை விட்டு விலகிவிடுவேன் என்றாய். போனில் பதில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். தபால் வந்து சேர நாளாகும் என்று கனகா இதைப் படம் எடுத்தும் அனுப்புவாள்.

நான் இங்கே காலேஜில் படித்தபோது வாட்ஸ்அப் ஏது. ஆபீஸ் கிளார்க் வகுப்பு வாசலில் நின்று, எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைகளெல்லாம் எந்திரிங்க என்பார். எழுந்து நிற்போம், அவர் எண்ணி முடிக்கும்வரை வகுப்பே எங்களைத்தான் பார்க்கும். ஒருமுறை, தாமதமாக வகுப்பில் சேர்ந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாகஜோதியும் எழுந்துவிட்டாள். செக்கானூரணிப் பக்கம் விவசாயக் குடும்பம், தினமும் பஸ்ஸில் வருவாள், சரியாகக் காதில் விழாமல் பஸ் பாஸுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். நீ எதுக்கும்மா எந்திரிச்ச, இது உங்க ஆளுகளுக்கு இல்ல என்றார் கிளார்க். வகுப்பு சிரித்தது. மத்தியானம் மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது, மாசாமாசம் இப்படியா நிக்கிற என்று என்னைக் கேட்டாள், ஆமாம் என்றேன், அதற்குப் பிறகு அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. அந்த வாரமே நான் முதல்வருக்கு மனு எழுதி, நின்றவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. அடுத்த மாதம் கிளார்க் வந்தபோது நாகஜோதி தெரிந்தே எழுந்தாள், அவளைப் பார்த்து எங்கள் பெஞ்ச் முழுக்க எழுந்தது, பின்னால் இருந்த பெஞ்சும் எழுந்தது. அம்புட்டுப் பேருமா என்று கிளார்க் தலையைச் சொறிந்தார். உக்காந்து உக்காந்து காலு மரத்துப் போச்சு சார் என்றாள் நாகஜோதி. அதன் பிறகுதான் என் மனுவுக்கு உயிர் வந்தது. யாரையும் எழுப்பாமல் பதிவு எண்ணை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அந்த மரத்தடியும் தயிர்சாத வாசமும் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது தாயி.

நீ எழுதிக் கொடுத்தது என் பழைய மனுதான். அதைப் பாதியில் விட்டுவிட்டு வராதே. பேசாமல் போன பிள்ளைகளிடம் சண்டைக்கும் போகாதே, ஒரே ஒருத்தியிடமாவது உட்கார்ந்து விவரம் சொல், அவர்களுக்குத் தெரியாமல்கூட இருக்கலாம். நேற்று கே.கே. நகரிலிருந்து நாகஜோதி என் கையைப் பார்க்க வந்திருந்தாள், உன் விஷயத்தைச் சொன்னேன். எனக்கு இப்ப முட்டி வலிதான், இருந்தாலும் அந்தப் புள்ள ஒரு வார்த்தை சொன்னா ரயிலேறி வந்து எந்திரிச்சு நிப்பேன்னு எழுதுடி என்றாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், ஈரத்தலையோடு படுக்காதே. வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் எனக்குப் போன் செய். நீ எங்கே நின்றாலும் நன்றாக நிற்பாய் தாயி.

உன் அம்மா,
மலையம்மாள்

அக்கா, இது நான் சேர்ப்பது. பள்ளிப்படிப்பு முடிந்ததும் நானும் உன் பல்கலைக்கழகத்துக்குத்தான் விண்ணப்பிக்கப் போகிறேன். நான் வருவதற்குள் அந்த வழக்கத்தை நிறுத்திவிடு.
கனகா