குளக்கரைப் பேயின் குரல்

பெஹாலா, கல்கத்தா
14.8.2005

என் செல்ல மாதங்கிக்கு,

இங்கே நானும் மாடிக் கொடிப்பசலையும் சௌக்கியம். விடாத மழை, தெருவெல்லாம் தண்ணீர். சாயங்காலம் ஜன்னலில் நின்று பார்த்தால் வீடுகள் மெல்ல மிதந்து போவதுபோல் இருக்கிறது. போனில் நீ வெறும் 'உம்' கொட்டுகிறாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

'குளக்கரைப் பேய்' பெங்காலிப் படத்துக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து இரண்டாம் பாகம் வருகிறதாம். முதல் படத்தில் பேயைக் காட்டவே மாட்டார்கள். குளத்துப் பக்கமிருந்து ஒரு முனகல் பாட்டு மட்டும் வரும். அது உன் அம்மா. சவுண்ட் எடுத்த கீழ்வீட்டு மோண்டு-தா நம் கூடத்திலேயே மைக் வைத்துப் பதிவு செய்தார். அவள் குரல் வேறெங்கும் நம்மிடம் இல்லையே! இதிலும் அந்தப் பாட்டு வரும், வெள்ளிக்கிழமை போகிறேன்.

உன் அப்பா
வாஞ்சிநாதன்

பெங்களூர்
22.8.2005

அன்புள்ள அப்பா,

போகாதே என்று எழுதலாம் என்றால், வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டது, நீ போய்விட்டு வந்திருப்பாய். உன் பிடிவாதம் தெரியாதா!

நான் முதல் பாகத்தையே பார்த்ததில்லை. பார்க்கவும் மாட்டேன். கூச்சப்பட்ட அம்மாவை, "சும்மா பாடேன் வசு, யாருக்குத் தெரியப்போறது" என்று உசுப்பிவிட்டது நீதான். இரண்டே வருஷத்தில் அம்மா போய்விட்டாள். "பேய்க்குக் குரல் குடுத்தா, அது சும்மா விடுமா?" என்று காரியத்தன்று அத்தை எல்லார் முன்னாலும் கேட்டாள். நீ பேசாமல் நின்றாய். அது பைத்தியக்காரத்தனம் என்று இப்போது புரிகிறது. ஆனாலும் உன்மேல் கோபம் போகவில்லை.

இன்னொன்று. அம்மாவின் குரல் எனக்கு மறந்தே போய்விட்டது, அப்பா. கனவில் வருகிறாள், வாய் அசைகிறது, சத்தமே இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.

மாதங்கி

பெஹாலா
3.9.2005

கண்ணே மாதங்கி,

உன் கடிதத்தைப் படித்ததும் சோறு இறங்கவில்லை. அவளைக் கொண்டுபோனது ரத்தப் புற்றுநோய், பேயுமில்லை, பாட்டுமில்லை. அந்தப் படத்தில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. "நான் நன்னா பயமுறுத்தறேனா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள்.

புதுப் படமா? முதல் பாகத்தின் கால்தூசி பெறாது. கம்ப்யூட்டரில் பேய் செய்து, பல்லும் நகமுமாக முழுசாகக் காட்டிவிட்டார்கள். பாட்டும் வேறு யாரோ. சோப்பு விளம்பரம் மாதிரி இழுக்கிறாள். எழுந்து போய்விடலாம் என்று இருந்தேன். கதாநாயகி படித்துறையில் இறங்கினாள், திரை இருண்டது. அந்த இருட்டிலிருந்து,

"மாதங்கி... மாதங்கி... எங்கடீ இருக்கே? பால் பொங்கறது பாரு!"

அன்றைக்கு நம் கூடத்தில் பாட்டு முடிந்தும் டேப் ஓடியிருக்கிறது. இதற்கும் சவுண்ட் மோண்டு-தாதான், அவருக்குத் தமிழ் தெரியாது. பேய் பாஷை மாதிரி இருக்கிறதே என்று எடுத்துச் சேர்த்துவிட்டார்! கொட்டகையே அலறியது. பக்கத்து சீட்டுக்காரர், ஏதோ தாந்திரீக மந்திரம் என்று நினைத்து, "மா மாதங்கி!" என்று தேவியைக் கும்பிட்டுக்கொண்டார். நான் ஒருவன்தான் சிரித்தேன், கூடவே அழுதேன்.

வெளியே தூறல். டிராம் வந்தும் ஏறாமல் நடந்தே வந்தேன். எந்த வழியாக வந்தேன் என்று நினைவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்பைப் போய்ப் பார்த்தேன்.

அவள் கூப்பிட்டது உன்னை. என்னையில்லை.

அப்பா

பெங்களூர்
14.10.2005

அப்பா,

இங்கே பெங்காலிகள் துர்கா பூஜைப் பந்தலில் திரை கட்டிப் படம் போடுவார்கள். அஷ்டமியன்று இந்தப் படம். ஆபீஸ் மீராவை இழுத்துக்கொண்டு போனேன். நீ எழுதியது சரிதான், மகா மட்டம். பேயைப் பார்த்துக் குழந்தைகளே சிரித்தார்கள்.

படித்துறை வந்ததும் காதைப் பொத்திக்கொள்ளப் போனேன். கை எழவில்லை.

எவ்வளவு இளசான குரல், அப்பா! இத்தனை நாள் எங்கே வைத்து மறந்தேன்? எதையும் யோசிக்கவில்லை. எழுந்து நின்று, வாசலிலிருந்து அடுக்களைக்கு எட்டுகிற சத்தத்தில், "இதோ வந்துட்டேம்மா!" என்று கத்தியிருக்கிறேன்.

பந்தலே வீலென்று அலறியது. மீரா நாற்காலியோடு சாய்ந்துவிட்டாள். பேயைப் பார்த்துப் பயப்படாத குழந்தைகள் என்னைப் பார்த்து அழுதார்கள்.

உன்மேல் கோபமில்லை. தீபாவளிக்கு வருகிறேன். கீழ்வீட்டு மோண்டு-காகுவிடம் கேட்டு முதல் பாகத்தை வாங்கி வை, சேர்ந்து பார்ப்போம்.

நேற்றும் கனவில் அம்மா வந்தாள். என்ன சொன்னாள் என்று இந்தத் தடவை காதில் கேட்டது.

உன் மாதங்கி