அன்னத்துக்குக் கண்

1968 அக்டோபர் 28

மழை. பட்டுநூல் விற்கும் பூவராகவன் ஒரு கட்டோடு வந்தான். கையில் தூக்கிப் பார்த்தேன். "ஐப்பசியில பட்டு ஈரத்தைக் குடிச்சு கனக்கும்டா. தண்ணிக்கும் சேத்து நான் காசு குடுக்கணுமா?" என்றேன். "உங்க கையே தராசு மொதலாளி" என்று சிரித்துக்கொண்டே கட்டைத் திரும்பத் தூக்கிப் போனான்.

தையில் மகள் கமலவேணிக்குக் கல்யாணம். கூறைப்புடவை, கரையில் உருவம் நெய்ய நான் புதிதாய் வாங்கிய ஜக்கார்டு பெட்டியில்தான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். கரையில் ஜோடி அன்னம். நெய்பவர் சின்ன காஞ்சிபுரம் ஆதிகேசவன்.

அக்டோபர் 31

பெட்டி விற்றவன் அதை ஆதிகேசவன் தறிமேல் மாட்டிவிட்டு அன்றைக்கே ரயிலேறிவிட்டான். மாலையாய்க் கோத்த அட்டைகள். அட்டையில் துளை இருந்தால் ஊசி நுழைந்து அந்த இழை மேலே எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. இவ்வளவுதானே, இதற்கு ஒரு ஆளா என்று நினைத்தேன். தலையில் புடவை மூட்டை சுமந்து ஊர் ஊராய் விற்றவன் நான், இதைக் கற்க மாட்டேனா?

அன்னம் வந்தது. கண் வரவில்லை.

நவம்பர் 4

ஊசி நுழையாத அட்டையில் துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை குத்தினேன். கண் வந்தது. அலகு போனது. அலகைச் சரிசெய்தால் கழுத்தில் வேண்டாத இழை. அந்தத் துளைமேல் மைதாப் பசை தடவிக் காகிதம் ஒட்டினேன். வாலில் வேறொரு கோளாறு.

ஒன்றைத் திருத்தினால் இரண்டு கெடுகிறது. இது என்ன யந்திரமா, சம்பந்தி வீட்டுச் சீர்வரிசையா?

நவம்பர் 9

ஆதிகேசவன் இன்று வாய் திறந்தார். "மொதலாளி, நீங்க வந்துட்டுப் போற அன்னைக்கெல்லாம் தறி ஓடமாட்டேங்குது. ஓடுனாதான எனக்குக் கூலி?"

கோபம் வந்தது. நியாயம் அவர் பக்கம்.

நவம்பர் 10

முதுகு வலி.

நவம்பர் 15

பூவராகவன் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறானாம்: "மொதலாளி யாவாரத்தை வுட்டுட்டு அன்னத்துக்குக் கண் வைத்தியம் பாத்துக்கினு இருக்காரு."

வீட்டில் தையல்நாயகியும் பிடித்துக்கொண்டாள். "கண்ணில்லாத பட்சியைக் கட்டிக்கினு பொண்ணு மணையில உக்காருவாளா? நல்லதுக்கா இது? கடையில அடுக்கி வெச்சிருக்கிறதுல ஒண்ணு எடுத்தா கொறைஞ்சா பூடும்?" சாப்பிடாமல் படுத்தேன்.

நவம்பர் 27

நேற்றிலிருந்து மழை இல்லை, நல்ல வெயில். ஆதிகேசவன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஓடினேன்.

நான் தொடாத அட்டைகளில் வரும் அன்னத்துக்கெல்லாம் கண் தானாக வந்திருக்கிறது! நான் திருத்தியதற்கு இரண்டு கண், ஒரே பக்கத்தில். பார்க்கச் சகிக்கவில்லை. யார் கைவைத்தது? யாருமில்லை என்கிறார்.

நவம்பர் 28

காலையில் பூவராகவன் அதே நூல்கட்டைக் காயவைத்துக் கொண்டுவந்தான். கையில் வாங்கினேன். இலேசாக இருந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பட்டு ஈரம் குடிக்கும் என்று அவனை விரட்டிய வாய் இதுதானே. அட்டை குடிக்காதா? உப்பிப் போய்த் துளை விலகியிருக்கிறது, ஊசி நுழையவில்லை. அட்டையில் ஒரு குறையும் இல்லை. நல்ல அட்டையைக் குத்திக் குத்தி... போதாததற்குப் பசை வேறு தடவினேனே, ஈரத்துக்கு மேல் ஈரம்!

"மொதலாளி, என்னா ஆச்சு? எடை சரியில்லியா?" என்றான்.

"சரியாத்தான் இருக்குதுடா" என்றேன்.

டிசம்பர் 6

நான் குத்தியதை எல்லாம் அடைத்தேன், ஒட்டியதை எல்லாம் பிரித்தேன். மீறிக் கிழிந்த அட்டைகளுக்குப் பதில் புதிது வெட்டினேன். அட்டை ஈரம் குடிக்காமலிருக்கக் குமுட்டி அடுப்பில் கரி மூட்டித் தறிக்குப் பக்கத்தில் வைத்தோம். விரல் நுனியெல்லாம் காயம். இப்போது தறி ஓடுகிறது.

ஆனால் முதலில் நெய்த முழங்களில் அன்னங்கள் குருடு. அறுத்துப்போட்டு வேறு பாவு ஏற்ற நாள் இல்லை.

டிசம்பர் 8

கமலவேணியிடம் ஒளிக்காமல் சொன்னேன். யோசித்தாள். "அந்த முனை உள்ளாற போவட்டும்பா. இடுப்புல சொருவறதை யாரு பாக்கறாங்க? எனக்குத் தெரிஞ்சா போதாதா?"

தையல்நாயகி முணுமுணுத்தாள். மகள் அம்மாவைப் பார்த்த பார்வையில் அதுவும் நின்றது.

1969 ஜனவரி 30

கல்யாணம் முடிந்தது. கரை அழகு என்று சம்பந்தியம்மாளே தொட்டுப் பார்த்தார். மணையில் உட்காரும்போது கமலவேணி இடுப்பில் ஒருமுறை கைவைத்துச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

வீடு காலி.

நவம்பர் 12

மறுபடி ஐப்பசி. மறுபடி மழை. ஆதிகேசவன் வந்தார்: "அன்னம் கண்ணை மூடிக்கிச்சு மொதலாளி. குத்தற உளியை எடுத்துக்கினு வரீங்களா?" கிண்டல்தான். "கரி மூட்டிட்டுச் சும்மா இருய்யா" என்றேன்.

தலைதீபாவளிக்கு வந்த கமலவேணி இன்று கிளம்பிப் போனாள். அதே புடவை. பேச்சு குறைந்திருந்தது. மாமியார் வாய் கொஞ்சம் நீளமாம். அதுவும் அம்மாவிடம் சொன்னதுதான், என்னிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு, "போவப் போவ சரியாவும்பா. நீ வந்து எதுவும் பேசாத" என்றாள்.

அவள் போனபிறகு மனது கேட்கவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போய் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று செருப்பை மாட்டினேன். வாசலில் சாரல்.

குத்திக் கெடுத்த அட்டைகள் ஞாபகம் வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டேன்.